ரினிக்க நோன்பு

அந்த வருஷம் கல்ஃபில், பட்டறைகள் நிறைந்த முசஃபாவில் பசிக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. ரமலானும் தவக்காலமும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்துவிட்டன. பட்டறைகளில் பட்டாணியர்கள் பகல் முழுக்கத் தண்ணி தொடவில்லை. மலையாளி ஹோட்டல்களில் மத்தியானம் ஈ ஓட்டினார்கள். ஷாபியா பக்கம் நம்ம கன்னியாகுமரிக் கடப்புறத்து ஆட்கள் குடியிருக்கிற கட்டிடங்களில் இறைச்சி வாடை எழும்பவில்லை. ஊரே வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்கிறபோது, ஒரு பிள்ளை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக்கொண்டால் யார் கண்ணுக்குத் தெரியும்? பெற்ற தாய் ரெபேக்காள் கண்ணுக்கே தெரியவில்லை. அவளோ நர்ஸ்.

பட்டறைப் பகுதியில் ஒரு கிளினிக்கில் அவளுக்குப் பதினெட்டு வருஷமாக டியூட்டி. வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்தவன், கிரைண்டர் பட்டுக் கை கிழிந்தவன், வெயிலில் சுருண்டு விழுந்தவன் என்று காலை எட்டு மணி முதல் வரிசை நிற்கும். ஒருத்தன் செருப்பைக் கழற்றி எடை மெஷினில் ஏறும் முன்னாலேயே ரெபேக்காள் மனசுக்குள் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவாள். ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். "சிஸ்டர் இருக்கும்போது மெஷின் எதுக்கு?" என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். அந்தக் கண்ணை அவள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

புருஷன் பத்திநாதன் ஒரு இரும்புப் பட்டறையில் ஃபோர்மேன். குளச்சலுக்கு மேற்கே ஒரு கடப்புறத்தில் பிறந்தவன். அங்கே பிள்ளைகள் நடக்கப் படிக்கிறதும் பந்து சவுட்டப் படிக்கிறதும் ஒரே மாதத்தில்தான். ஊர் டீமில் பின்வரிசையில் நின்றவன். அவனைத் தாண்டிப் பந்து போனாலும் ஆள் போகமாட்டான் என்று பேர். கால்முட்டு போனதும் விமானம் ஏறினான். ஒரே மகள் ரினி, ஒன்பது வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பையன் காலிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்த அன்றைக்கே ஃபுட்பால் அகாடமியில் கொண்டு சேர்த்துவிட்டான். இப்போது அவளுக்குப் பதினஞ்சு. ரைட் பேக், அப்பனைப் போலவே பின்வரிசை.

போன செப்டம்பரில் புது கோச் வந்தாள். பிருந்தா, கோயம்புத்தூர்க்காரி, மாநில அணிக்கு ஆடியவள். நல்ல கோச்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு பிள்ளை மேலும் கை ஓங்கியதில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் பந்தைத் தொடும் முன்னால் பிள்ளைகள் எல்லாரும் வெறுங்காலோடு எடை மெஷினில் ஏறி இறங்க வேண்டும். பத்து மணிக்கெல்லாம் பெற்றோர் வாட்ஸாப் குரூப்பில் லிஸ்டு வந்துவிடும். பேருக்கு எதிரே எடை, எடைக்கு எதிரே நிறம். பச்சை என்றால் மேட்ச். மஞ்சள் என்றால் மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு அதிகம். சிவப்பு என்றால் பெஞ்சு. அந்த லிஸ்டுக்கு முதல் ஆளாகக் கட்டைவிரல் தூக்குகிறவன் பத்திநாதன். ரெபேக்காளும் டீ குடித்துக்கொண்டே பார்ப்பாள். கிளினிக்கில் தினமும் ஐம்பது பேர் எடையை எழுதுகிறவளுக்கு ஐம்பத்தோராவது எடை ஒரு விஷயமா?

பிப்ரவரியில் ரினி ஐம்பத்தாறு கிலோ. மஞ்சள்.

"ரெண்டு கிலோ இறக்கினா ரினி பந்துக்கு ரெண்டு அடி முன்னாடியே போயிருவாளுங்க" என்றாள் பிருந்தா. அவ்வளவுதான் சொன்னாள்.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு காரில் ஏறியபோது ரினி சொன்னாள்: "அம்மா, இந்த லெண்ட்டுக்கு நான் டின்னர் கிவ் அப் பண்றேன். ரைஸும் வேண்டாம்."

"நாப்பது நாளுமா மோளே?"

"எல்லாரும் சாக்லேட் கிவ் அப் பண்றாங்க. அது ஈஸிதானே?"

ரெபேக்காள் மகள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். இங்கே பிறந்து இங்கே வளர்ந்த பிள்ளை, செபமாலையை இங்கிலீஷில் சொல்லுகிற பிள்ளை, போன வருஷம் போனை விடுகிறேன் என்று சொல்லி மூணாம் நாள் எடுத்துக்கொண்ட பிள்ளை! கல்ஃபில் பிள்ளை வளர்க்கிற நம்ம சனத்துக்கு உள்ளுக்குள் ஒரு பயம் உண்டு, பிள்ளை கோவிலை விட்டுப் போய்விடுமோ என்று. அந்தப் பயம் ஒரே நாளில் தீர்ந்தால் தாய்க்கு எப்படி இருக்கும்? வெள்ளிக்கிழமை, அக்கம்பக்கத்துக் கோவில் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் பதினாறு குடும்பத்துக்கு முன்னால் எழுந்து நின்று சொன்னாள், "எனக்க பிள்ளைக்கு ஆண்டவரு நல்ல மனசு குடுத்திருக்காரு" என்று. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குடுத்து வச்சவ நீ" என்றாள் இன்னொருத்தி. ரினி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மார்ச் பாதியில் பச்சை வந்தது. பத்திநாதன் பட்டறையில் எல்லாருக்கும் நோன்பு திறக்கிற நேரத்தில் ஜிலேபி வாங்கிக் கொடுத்துவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"ஒரு கடி கடிச்சாப் போதும் மக்ளே."

"லெண்ட் அப்பா."

"ஆமால்ல! நான் ஒரு கூறுகெட்டவன்" என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டு அவள் பங்கையும் சேர்த்துத் தின்றான். ரினியின் சுடிதாரை ரெபேக்காள் இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். கோவிலில் பெண்கள், "மெலிஞ்சு நல்லாட்டு இருக்கா, என்ன குடுக்கே?" என்று கேட்டார்கள். ரெபேக்காள் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்புதான், இல்லை என்று சொன்னால் பொய்.

கீழ்மாடியில் அஸ்மத் பீவி குடும்பம். கீழக்கரைக்காரர்கள். மகள் ஹிஃப்ஸா அதே டீமில் கோல்கீப்பர். நோன்பு திறக்க வரச்சொல்லி ஒருநாள் ரினியைக் கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் லிஃப்ட் வாசலில் அஸ்மத் பீவி ரெபேக்காளைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெபேக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?"

"சொல்லுங்க."

"பாங்கு சத்தம் கேட்டதும் ஹிஃப்ஸா கஞ்சி, வடை, சமோசான்னு பாய்ஞ்சு பாய்ஞ்சு திங்கிறா. நோம்புன்னா அப்படித்தானே? தொறக்கிற நேரத்தை நெனச்சுத்தானே புடிக்கிறது. உங்க புள்ள ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துச்சு. கொட்டைய நீக்குச்சு. நாலாப் பிச்சுச்சு. அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டு தட்டுல வச்சுட்டுப் போயிருச்சு. ஆமா, நீங்க எப்பத் தொறப்பீங்க?"

"எங்களுக்கு ஈஸ்டருக்குத்தான்."

"அப்ப ஈஸ்டருக்குப் பாருங்க" என்றாள் அஸ்மத் பீவி.

ரெபேக்காளுக்குச் சுருக்கென்றது. நம்ம தவக்கால ஒறுத்தலைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே மேலே போனாள்.

பெருநாள் வந்தது, பிரியாணி மேலே வந்தது. ரினி தொடவில்லை, தவக்காலம்தானே. பிறகு ஈஸ்டரும் வந்தது. ரெபேக்காள் விடியற்காலையிலேயே எழுந்து ஆப்பம் சுட்டாள். மாட்டிறைச்சியைத் தேங்காய்க்கொத்துப் போட்டு வறட்டினாள். பத்திநாதன் மீன் மார்க்கெட்டில் பாரை வாங்கி வந்திருந்தான். மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் உடைத்து வைத்து, நாற்பது நாள் பாக்கியை ஒரே இருப்பில் தீர்த்தான். ரினி ஆப்பத்தின் ஓரத்து முறுகலை மட்டும் சுற்றிச் சுற்றிப் பிய்த்தாள். நடுவில் இருந்த மெத்தையின் கீழே இறைச்சியை ஒதுக்கி மூடினாள்.

"என்னது பிள்ளே, திங்கல்லியா?"

"ஸ்டமக் ஷ்ரிங்க் ஆயிடுச்சும்மா. ஸ்லோவா சாப்பிடறேன்."

திங்கள்கிழமை ஆப்பிள். செவ்வாய்க்கிழமை வெள்ளரிக்காய். புதன்கிழமை பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை தண்ணிகூடக் குடிக்கவில்லை, மறுநாள் எடை பார்க்கிற நாள். ஆண்டவரே எழுந்து வந்தாயிற்று, இவள் நோன்பு மட்டும் முடியவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு லிஸ்டு வந்தது. ரினி, நாற்பத்தாறு கிலோ இருநூறு கிராம், பச்சை. கீழே இன்னொரு லிஸ்டு. மே மாதம் அல் கோபாரில் நடக்கிற பதினாறு வயதுக்குட்பட்டோர் போட்டிக்குப் போகிற பதினெட்டுப் பேர். ஒன்பதாவது பேர் ரினி. பெற்றோர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுப் புதன்கிழமை காலை பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

பத்திநாதன் நடு ஹாலில் குதித்தான். "எனக்க மோளு சவூதிக்குப் பந்து களிக்கப் போறா! லேய், நான் கன்னியாகுமரி ஜில்லாவ விட்டு வெளிய களிச்சதில்ல!"

மைதானத்திலிருந்து வந்த மகளை ரெபேக்காள் கட்டிப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. பனியனுக்குள் முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி இருந்தது. ஏப்ரல் மாத வெயிலில் வந்த பிள்ளைக்கு விரலெல்லாம் சில்லென்று கிடந்தது. முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறந்த குழந்தைக்கு இருக்கிற மாதிரிப் பூனைமுடி. பட்டினி கிடக்கிற உடம்பில் இப்படி முளைக்கும் என்று நர்ஸிங் படித்த காலத்தில் ஒரு பக்கத்தில் வாசித்தது இருபது வருஷம் கழித்து இப்போது ஞாபகத்துக்கு வந்தது.

"மோளே, ஒனக்கு மாசம் எப்பம் வந்து?"

ரினி கையை உருவிக்கொண்டாள். "தெரியல."

ரெபேக்காள் குளியலறைக்குப் போனாள். மாதாமாதம் சூப்பர்மார்க்கெட்டில் அவள் வாங்கிவந்து அடுக்கிய நாப்கின் பாக்கெட்டுகள் மூணு பிரிக்காமல் இருந்தன. அடுக்கினவள் அவள்தான். ஒவ்வொரு மாதமும் பழையதற்கு மேலே புதியதை வைத்தவளும் அவள்தான். "எனக்க மாதாவே, நான் கண்ண எங்க வச்சிருந்தேன்!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கிளினிக்கில் டாக்டர் கௌரிசங்கர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். நாடி நாற்பத்துநாலு. ரத்த அழுத்தம் ரொம்பக் கீழே கிடந்தது. அவர் ரினியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"சிஸ்டர், நான் சுத்தி வளைக்கல. உடம்பு தன்னைத்தானே தின்ன ஆரம்பிச்சிடுச்சு. இதயம் மெதுவாப் போகுது, எலும்பும் வீக்காகும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். மனசுக்கு ஒரு டாக்டரும் பாக்கணும், டயட்டீஷியனும் பாக்கணும். அதுவரைக்கும் ஓட்டம், பந்து எதுவும் கூடாது."

"டூர்ணமெண்டு உண்டு டாக்டர்."

"டூர்ணமெண்டு அடுத்த வருஷமும் வரும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

பத்திநாதனுக்கு அது இறங்கவில்லை. காரை ஓட்டிக்கொண்டே ஸ்டியரிங்கைத் தட்டினான். "டாக்டர்மாரு அங்ஙனத்தான் சொல்லுவாவ. எனக்கு முட்டு போனப்பமும் காலையே எடுக்கணும்னு சொன்னாவ. அஞ்சு நாளு. போயிட்டு வரட்டு. வந்த பொறவு நாம ஊட்டி விடலாம்."

"என்ன பேசுதிய நீங்க?"

"எனக்குப் பதினாறு வயசுல ஜில்லா டீமுக்கு விளி வந்து. எனக்க அப்பன் விடல்ல. வலைய இழுக்க ஆளு வேணும்னு கடலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அந்த மனுசன் சாவுறவரைக்கும் நான் அவர மன்னிக்கல்ல. எனக்க பிள்ளைக்கு நான் அந்த ஆளாட்டு ஆவணுமா? சொல்லு!"

பின்சீட்டில் ரினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருந்தாள். ரெபேக்காள் ஈசிஜி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம்.

செவ்வாய்க்கிழமை டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு மைதானத்துக்குப் போனாள். மாலை ஐந்து மணிக்கும் செயற்கைப் புல் சுட்ட ரப்பர் வாடை அடித்தது. பிருந்தா ஒரு ஓரத்தில் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கோச், ரினிய நான் அனுப்பல்ல."

"ஏங்க?" பிருந்தா நிமிர்ந்தாள். "இப்பத்தானே ஃபார்முக்கு வந்திருக்கா. இந்த மாதிரி டிசிப்ளின் நான் யாருகிட்டயும் பாத்ததில்லைங்க."

"டிசிப்ளின் இல்ல. சீக்கு." ஈசிஜி தாளை நீட்டினாள்.

பிருந்தாவுக்கு அந்தக் கோடுகள் புரியவில்லை. பக்கத்தில் எழுதியிருந்தது புரிந்தது. முகம் வெளுத்தது. "நான் சாப்பிட வேண்டாம்னு யாரையும் சொல்லலைங்களே. ரெண்டு கிலோன்னுதான் சொன்னேன்."

"ரெண்டு சொன்னிய, பத்து போச்சு. பத்து போறவரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை பச்சை போட்டிய. எனக்க வீட்டுக்காரரு கட்டைவெரலத் தூக்கினாரு. நான் சட்டையப் பிடிச்சுத் தச்சேன், கோவில்ல பெரும பேசினேன். உங்கள மட்டும் குத்தம் சொல்லதுக்கு வரல்ல. எனக்கும் பங்குண்டு."

பிருந்தா கூம்பின் மேல் கூம்பாக அடுக்கினாள். "எங்களையும் அப்படித்தாங்க வளத்தாங்க. ஹாஸ்டல்ல எடை கூடினா மத்தியானச் சோறு கட். அழுதுக்கிட்டே ஓடுவோம். அப்படி ஓடுனதாலதான் ஸ்டேட் ஆடினேன்."

ரெபேக்காள் நோயாளியிடம் கேட்கிற குரலில் கேட்டாள். "அப்பம் உங்களுக்கு மாசம் ஒழுங்கா வந்துதா?"

கூம்பு அடுக்கின கை நின்றது. தூரத்தில் பிள்ளைகள் பந்துக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"பதினேழுல நின்னுபோச்சு" என்றாள் பிருந்தா. "ரெண்டு வருஷம். கோச் சார்கிட்ட சொன்னேன். நல்லதுதான, தொந்தரவு இல்லேன்னு சொன்னாரு. இருபத்தி மூணுல கால் எலும்பு விண்டுச்சு. சரியாயி ஆறு மாசத்துல மறுபடி விண்டுச்சு. அத்தோட ஆட்டம் முடிஞ்சுதுங்க. எனக்கு அதிர்ஷ்டம் இல்லேன்னு வீட்ல சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். இதையும் அதையும் யாரும் சேத்துச் சொல்லலைங்க."

"நான் சேத்துச் சொல்லுதேன்" என்றாள் ரெபேக்காள். "ரெண்டும் ஒண்ணுதான் மோளே."

கோச்சை மோளே என்று கூப்பிட்டதை அவள் கவனிக்கவில்லை. பிருந்தா கவனித்தாள், விசிலைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். "எனக்கு வேற விதமா ஒரு டீம் உண்டாக்கத் தெரியாதுங்க. யாரும் சொல்லிக் குடுக்கல."

"படிக்கணும். நானும் எனக்க பிள்ளைய வச்சுப் படிக்கணும்."

வீட்டுக்கு வந்தபோது பத்திநாதன் சாப்பாட்டு மேஜையில் சம்மதக் கடிதத்தை விரித்து வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான். எதிரே ரினி. அவள் முன்னால் ஒரு கிண்ணம் கஞ்சி, ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

"ரெபேக்கா, நீயும் இரி. பிள்ளைக்க விசயம், பிள்ளையே சொல்லட்டு." அவன் கண் கலங்கிக் கிடந்தது. "மோளே, அம்மை ஒனக்க நன்மைக்குத்தான் சொல்லுதா. ஆனா பொறவு ஒருநாளு, எங்க அப்பா என்னைய விடல்லன்னு நீ சொல்லப்பிடாது. ஒனக்குப் போவணுமா? நீ போவணும்னு சொன்னா நான் கையெழுத்துப் போடுவேன். அம்மைட்ட நான் சண்ட பிடிச்சுக்கிடுவேன்."

ரெபேக்காள் வாயைத் திறந்தாள். ரினி முந்திக்கொண்டாள்.

"அப்பா, நான் கேட்டா நிஜமா சைன் பண்ணிடுவீங்களா?"

"பின்ன?"

ரினி வெகுநேரம் கிண்ணத்தையே பார்த்தாள். "அப்போ நாளைக்கு மார்னிங் நான் கேப்பேன்பா. கத்துவேன். டோர் ஸ்லாம் பண்ணுவேன். ஐ ஹேட் யூன்னு சொல்வேன். நீங்க சைன் பண்ணாதீங்க."

"என்னத்துக்கு மோளே அங்ஙன சொல்லுதே?"

"அங்க டெய்லி வெயிட் பாப்பாங்க." குரல் உடைந்தது. "டூ கேஜியோட ஸ்டாப் பண்ணலாம்னுதான் நெனச்சேன். எனக்கு ஸ்டாப் பண்ணத் தெரியலப்பா. ஈஸ்டரோட நிறுத்திடலாம்னு நெனச்சேன், அப்பவும் முடியல. பயமா இருக்கு. வேண்டாம்னு நானா சொல்ல முடியாது, எனக்கு அவ்ளோ ஆசையா இருக்கு. நீங்க சொல்லுங்க. ரெண்டு பேரும் சொல்லுங்க. ப்ளீஸ்."

பத்திநாதன் பேனாவைக் கீழே வைத்தான். எழுந்து போய் மகள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதான். ரெபேக்காள் கஞ்சியைச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு நாலு ஸ்பூன் இறங்கிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று.

புதன்கிழமை காலையில் ரினி சொன்னபடியே செய்தாள். எழுந்ததும் கடிதத்தைக் கேட்டாள். இல்லை என்றதும் கத்தினாள். என் லைஃபைக் கெடுத்தீங்க என்றாள், ஐ ஹேட் யூ என்றாள், அம்மாவைப் பார்த்து நர்ஸாம் நர்ஸ் என்றாள். கதவை அறைந்து உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். முன்கூட்டியே சொல்லிவைத்ததுதான். ஆனாலும் அதில் ஒரு சொல்கூட நடிப்பு இல்லை, அழுகை நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் கல்லும் கரைந்துவிடும். பத்திநாதன் கை இரண்டு தடவை பேனாவுக்குப் போயிற்று. இரண்டு தடவையும் ரெபேக்காள் அதைப் பிடித்து நிறுத்தினாள். மூணாவது தடவை அவளுடைய கையே போயிற்று, அவன் பிடித்து நிறுத்தினான். இரண்டு பேரும் டியூட்டிக்குப் போகவில்லை. மூடிய கதவுக்கு வெளியே தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

நேரம் போகப் போக உள்ளே அழுகை விசும்பலாயிற்று. பிறகு அதுவும் அடங்கிற்று.

"அம்மா" என்று கதவுக்கு அந்தப் பக்கம், தரையோடு ஒட்டினாற்போல், குரல் கேட்டது. "டென் ஆயிடுச்சா?"

ரெபேக்காள் மணி பார்த்தாள். "பத்து கழிஞ்சு அஞ்சு நிமிசம் ஆச்சு மோளே."

"அப்பா சைன் பண்ணலல்ல?"

"பண்ணல்ல."

அப்புறம் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது.